உக்ரைனுக்கு உதவி சரியா தவறா என்று வாதாடும் முன் பார்க்க வேண்டியவை

உக்ரைன் போரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டே நிமிடத்தில் ஆட்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். மேற்கு நாடுகள் ஆயுதம் கொடுத்ததால்தான் போர் இழுத்துக்கொண்டே போகிறது என்கிறது ஒரு கட்சி. கொடுத்தது குறைவு, அதுவும் தாமதம், அதனால்தான் இத்தனை சாவு என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், கையில் தேதி, தொகை, நிபந்தனை என்று எதுவும் இல்லாமல் பேசினால் பேச்சு ஓர் அங்குலம் நகராது. அங்கே தினமும் ஆட்கள் சாகிறார்கள், அதைப் பற்றி வாய் திறப்பவர் கொஞ்சம் உழைத்துவிட்டுத் திறக்கலாம் என்பது என் எண்ணம். எப்படி உழைப்பது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

யாருடைய கணக்கு என்று கேளுங்கள்

"உதவியால் பலன் உண்டா?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உக்ரைன் தலைநகர் கீவில் இருப்பவருக்கு நாடு பிழைத்ததா என்பதுதான் கேள்வி, ரஷ்யப் படை நுழைந்த 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு அவருடைய அரசு இன்றும் நிற்கிறது என்பதே அவருக்குப் பெரிய பதில். வாஷிங்டனில் வரி கட்டுபவருக்குத் தன் பணம் எங்கே போனது என்ற கேள்வி. போலந்தின் வார்சாவில் இருப்பவருக்கு அடுத்த முறை எல்லை தாண்டி வருவது தன் நாட்டுக்குள்ளா என்ற பயம். டெல்லியில் இருப்பவருக்கு எண்ணெய் விலை. ஒருவர் பேசத் தொடங்கியதும் இதில் எந்த இருக்கையில் உட்கார்ந்து பேசுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும், ஏனென்றால் பல நேரம் இருவரும் வேறு வேறு கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தொகையை உடைத்துப் பாருங்கள்

பெரிய தொகை ஒன்றைக் கேட்டதும் மலைத்துப் போகாதீர்கள். 2024 ஏப்ரல் 24 அன்று பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில் உக்ரைன் என்ற தலைப்பில் சுமார் 6,100 கோடி டாலர் இருந்தது. அதை உடைத்தால், ஏறக்குறைய 2,300 கோடி அமெரிக்காவின் சொந்தக் கிடங்குகளை நிரப்பிக்கொள்ள, அதாவது ஏற்கெனவே கொடுத்த, இனிக் கொடுக்கப்போகிற பழைய ஆயுதத்துக்குப் பதிலாகப் புதியது வாங்க. சுமார் 1,400 கோடி உக்ரைனுக்காகப் புதிதாக ஆயுதம் தயாரிக்கச் சொல்ல. 1,100 கோடிக்கு மேல் அந்தப் பகுதியில் அமெரிக்கப் படைகளின் சொந்தச் செலவு. இதில் பெரும்பங்கு அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே சுற்றி வருகிற பணம். "கட்டுக்கட்டாகப் பணத்தை அனுப்பினார்கள்" என்று சொல்பவருக்கும் இது பதில், "எல்லாம் உக்ரைன் மேல் உள்ள அன்பு" என்று சொல்பவருக்கும் இதுதான் பதில்.

கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய பொருளுக்கு விலை போடுவதிலேயே சிக்கல் இருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: கொடுத்த ஆயுதங்களுக்கு, அவற்றின் ஏட்டு மதிப்பை (தேய்மானம் கழித்த மதிப்பை) போடாமல், அதே பொருளைப் புதிதாக வாங்கினால் ஆகும் விலையைப் போட்டுவிட்டார்கள். வித்தியாசம் 620 கோடி டாலர். ஒரே கண்டெய்னர் குண்டுகள், எந்த விலையைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து உதவித் தொகை ஏறி இறங்குகிறது.

யார் அதிகம் கொடுத்தார்கள் என்ற சண்டைக்கு ஜெர்மனியில் இருக்கும் கீல் உலகப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 35,000 கோடி டாலர் கொடுத்தது என்று டிரம்ப் பலமுறை சொன்னார். கீல் கணக்கில் 2024 முடிய அமெரிக்கா ஒதுக்கியது சுமார் 11,400 கோடி யூரோ, ஐரோப்பா சுமார் 13,200 கோடி. ஆனால் டிரம்ப் கட்சி சொல்லும் இன்னொரு விஷயத்தில் நியாயம் இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த பண உதவியில் பெரும்பகுதி, வட்டி குறைந்தாலும் வட்டியே இல்லாவிட்டாலும், கடன்தான். அமெரிக்கா கொடுத்தது பெரும்பாலும் திருப்பிக் கேட்காத மானியம். எதிராளி சொல்வதில் சரியானது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாதம் அதனால் பலவீனப்படாது.

இரண்டு தேதிகளை எழுதுங்கள்

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அறிவித்த தேதி, வலப்பக்கம் பொருள் களத்துக்கு வந்த தேதி என்று எழுதுங்கள். அப்புறம் அந்த இடைவெளியில் களத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஹைமார்ஸ் ராக்கெட் லாஞ்சர்கள் 2022 ஜூனில் வந்தன. முதல் தவணையில் நான்கே நான்கு. ஆனால் வந்த சில வாரங்களிலேயே ரஷ்யாவின் வெடிமருந்துக் கிடங்குகள் எரியத் தொடங்கின, கெர்சோனுக்குப் போகும் அந்தோனிவ்ஸ்கி பாலம் ஓட்டை விழுந்து கிடந்தது, நவம்பர் 11 அன்று கெர்சோன் நகரம் மீண்டும் உக்ரைன் கைக்கு வந்தது. எதிரி தயாராகாத நேரத்தில் வந்த கொஞ்சம் பொருள் அவ்வளவு வேலை செய்தது. ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கி கதை நேர் எதிர். மாதக்கணக்கில் இழுத்தடித்து 2023 ஜனவரி 25 அன்று ஜெர்மனி சம்மதித்தது, எதிர்த்தாக்குதல் தொடங்கியது ஜூனில். அதற்குள் ரஷ்யப் படை சபோரிஷியா பகுதியில் வரிசை வரிசையாக அகழிகளும் கண்ணிவெடிகளும் பதித்து முடித்திருந்தது. அந்தத் தாக்குதல் அங்கேயே திணறி நின்றது. எஃப்-16 விமானங்களைத் தருவதாக டென்மார்க்கும் நெதர்லாந்தும் 2023 ஆகஸ்டில் சொன்னார்கள், முதல் விமானங்கள் உக்ரைன் வானத்தில் பறந்தது ஏறக்குறைய ஓராண்டு கழித்து.

"உதவியால் போர் நீண்டது" என்று சொல்பவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். தோற்காத அளவுக்குக் கொடுத்து, ஜெயிக்கும் அளவுக்கு நேரத்தில் கொடுக்காமல் விட்டதுதான் போரை நீட்டியது என்பது இதைப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு. இதற்கு எதிர்த்தரப்பில் வலுவான பதில் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பைடன் நிர்வாகம் ஒவ்வொரு படியாக ஏறியதற்குக் காரணம் அணு ஆயுதப் பயம். 2022 இலையுதிர் காலத்தில் அந்தப் பயம் வாஷிங்டனில் நிஜமாகவே இருந்தது. ஒரேயடியாக எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபித்துக் காட்ட முடியாது. பின்னாளில் எந்தப் படியிலும் அணுகுண்டு வெடிக்கவில்லை என்பதை வைத்து அன்று பயந்தவரை முட்டாள் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் பயந்தவர்கள் அல்ல என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

இஸ்தான்புல் கதை வந்தால்

"2022 ஏப்ரலிலேயே சமாதானம் ஆகியிருக்கும், அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் கீவ் போய்க் கெடுத்துவிட்டார்" என்ற வாதம் கண்டிப்பாக வரும். இதைக் கேட்டதும் பொய் என்று கத்தாதீர்கள், ஏனென்றால் இதில் உண்மையின் துண்டுகள் இருக்கின்றன. இஸ்தான்புலில் ரஷ்யாவும் உக்ரைனும் பேச்சுவார்த்தை நடத்தின, வரைவு ஒப்பந்தமும் இருந்தது. ஜான்சன் ஏப்ரல் 9 அன்று கீவ் போனார். கையெழுத்து வேண்டாம், சண்டை போடுவோம் என்ற பொருளில் அவர் பேசியதாக உக்ரைன் தரப்புக் குழுவின் தலைவர் டேவிட் அரகாமியாவே 2023 நவம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார்.

சரி, மிச்சத்தையும் வாசியுங்கள். அதே பேட்டியில் அரகாமியா, ரஷ்யா சொன்னதைச் செய்யும் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை, பாதுகாப்பு உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொல்கிறார். ஏப்ரல் தொடக்கத்தில்தான், ரஷ்யப் படை பின்வாங்கிய பிறகு, கீவுக்கு அருகே புச்சா தெருக்களில் கிடந்த உடல்களை உலகம் பார்த்தது. பின்னாளில் வெளிவந்த வரைவைப் பார்த்தால் பெரிய முட்டுக்கட்டை எங்கே என்று தெரிகிறது: உக்ரைன் மறுபடி தாக்கப்பட்டால் உத்தரவாதம் கொடுத்த எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் உதவிக்கு வரலாம் என்று ரஷ்யா கேட்டது, அந்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று. தாக்கியவரே அனுமதி தந்தால்தான் காப்பாற்ற வரலாம் என்றால், 1994இல் புடாபெஸ்டில் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்து எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவின் கையெழுத்தையும் வாங்கி, 2014இல் கிரிமியாவை இழந்த ஒரு நாடு அதை ஏற்றிருக்குமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது

"ஆயுதம் நின்றால் போர் நின்றுவிடும்" என்பதை ஊகமாக விட வேண்டியதில்லை. நின்ற சமயங்கள் உண்டு. பைடன் 2023 அக்டோபரில் நிதி கேட்டார், அமெரிக்க நாடாளுமன்றத்தில் அது ஆறு மாதம் கிடந்தது. அந்த இடைவெளியில், 2024 பிப்ரவரி 17 அன்று கிழக்கு உக்ரைனில் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்தது. ஏப்ரலில் ஐரோப்பாவுக்கான அமெரிக்கத் தளபதி கிறிஸ்டோபர் கவோலி நாடாளுமன்றக் குழுவின் முன், உக்ரைனின் ஒன்றுக்கு ரஷ்யா ஐந்து என்று பீரங்கிக் குண்டு சுடுகிறது, சில வாரங்களில் ஒன்றுக்குப் பத்தாகிவிடும் என்றார். சமாதானப் பேச்சு அந்த ஆறு மாதத்தில் ஓரடி கூட முன்னே வரவில்லை.

பழைய வரலாற்றில், சோவியத் ஆதரவில் ஆப்கானிஸ்தானை ஆண்ட நஜிபுல்லாவைப் பாருங்கள். சோவியத் படை 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனதும் அவருடைய அரசு சில மாதங்களில் கவிழும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். எரிபொருளும் ஆயுதமும் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்த வரை மூன்று ஆண்டு தாங்கியது. சோவியத் ஒன்றியம் கலைந்து வரத்து நின்றது, 1992 ஏப்ரலில் அரசு விழுந்தது. போர் மட்டும் முடியவில்லை, ஜெயித்த குழுக்கள் காபூலுக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. இதையே உதவிக்கு எதிரான வாதமாகவும் ஒருவர் திருப்பலாம்: வெளி உதவியில் மட்டும் நிற்கும் அரசு அந்த உதவியோடு சேர்ந்தே சாகும். ஞாயமான எச்சரிக்கைதான். அதனால் எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும், உதவி வாங்கும் நாடு தனக்கென்று என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உக்ரைன் இன்று லட்சக்கணக்கில் டிரோன்களைத் தானே தயாரிக்கிறது.

நீண்ட கால விளைவை மண்ணில் தேடுங்கள்

நீண்ட கால விளைவு என்றால் எல்லோரும் உலக அரசியலைப் பேசுகிறார்கள், பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது, சுவீடன் சேர்ந்தது என்று. அதெல்லாம் சரி. எனக்கு 2023 ஜூலையில் எடுத்த ஒரு முடிவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாதாரண 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு போதவில்லை, போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்குச் சுமார் 14,000தான் தயாரித்துக்கொண்டிருந்தது. அதனால் பைடன் கிடங்கில் கிடந்த கொத்துக் குண்டுகளைக் கொடுத்தார்.

ஒரு கொத்துக் குண்டு வானத்தில் பிளந்து டஜன் கணக்கில் சிறு குண்டுகளைச் சிதறும். அதில் சில வெடிக்காமல் மண்ணில் கிடக்கும், கையில் அடங்குகிற அளவு, குழந்தை எடுத்துப் பார்க்கிற அளவு. தான் கொடுப்பதில் வெடிக்காமல் போவது 2.35 சதவீதத்துக்கு மேல் இல்லை என்றது பென்டகன். பிரிட்டன், கனடா, ஸ்பெயின் மூன்றும் இந்த ஆயுதத்துக்குத் தங்கள் ஆதரவு இல்லை என்றன, ஜெர்மனி தான் கொடுக்க மாட்டேன் என்றது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் 2008 தடை ஒப்பந்தத்தில் இந்த நான்கு நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்கா, ரஷ்யா, உக்ரைன் மூன்றுமே அதில் இல்லை. ரஷ்யா போரின் முதல் நாட்களிலிருந்தே இதைப் போட்டுக்கொண்டிருந்தது. உக்ரைன் சொன்னது: எங்கள் மண், நாங்களே பிறகு பொறுக்கி எடுத்துக்கொள்கிறோம், இப்போது அகழியில் இருப்பவனை விரட்ட வேண்டும்.

இதை எடைபோட லாவோஸை நினைத்துப் பாருங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா போட்டதில் சுமார் 27 கோடி சிறு குண்டுகள், அதில் 8 கோடி வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. அரை நூற்றாண்டு தாண்டியும் வயல் உழும்போது வெடிக்கிறது. வன்னியிலும் முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றும் வேலை 2009க்குப் பிறகு எத்தனை ஆண்டு ஓடியது என்று ஈழத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உக்ரைன் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிகிறது, ஆனாலும் கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். சாதாரணக் குண்டு தயாரிக்கும் வேலையை 2022 மார்ச்சிலேயே வேகப்படுத்தியிருந்தால் இந்த முடிவுக்கே வந்திருக்க வேண்டாம். உக்ரைனின் நண்பர்களுக்குள்ளேயே உண்மையாகக் கருத்து வேறுபட்ட இடம் இது, இதைப் பேசாமல் உதவியைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது.

பில் யாருக்கு, எந்த ஆண்டில்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா லெண்ட்-லீஸ் சட்டத்தின்கீழ் நட்பு நாடுகளுக்கு அனுப்பியது சுமார் 5,000 கோடி டாலர் பொருள், அதில் 3,100 கோடி பிரிட்டன் பேரரசுக்கு, 1,100 கோடி சோவியத்துக்கு. 1941 மார்ச்சில் அந்தச் சட்டம் வந்தபோது புகழ்பெற்ற விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க் போன்றவர்கள் இது நம்மைப் போருக்குள் இழுத்துவிடும் என்று எதிர்த்தார்கள். இன்று கேட்கும் அதே வாதம். போர் முடிந்ததும் 1945 ஆகஸ்டில் ட்ரூமன் வரத்தைச் சட்டென்று நிறுத்தினார். பிரிட்டன் 375 கோடி டாலர் கடன் வாங்கியது, கூடவே பவுண்டை டாலராக மாற்ற எல்லோருக்கும் அனுமதி தர வேண்டும் என்ற நிபந்தனை. 1947 ஜூலையில் கதவைத் திறந்தார்கள், டாலர் கரைந்து ஓடி ஐந்தே வாரத்தில் மூடினார்கள். அந்தக் கடனின் கடைசித் தவணையை பிரிட்டன் கட்டியது 2006 டிசம்பர் 29 அன்று. போரை நடத்திய பெரிய தலைவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை. இந்தியாவுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு: போர்ச் செலவுக்காக பிரிட்டன் இந்தியாவிடம் வைத்திருந்த பாக்கி சுமார் 130 கோடி பவுண்ட், அதே போரின் நடுவில்தான் 1943இல் வங்காளத்தில் பஞ்சம்.

ஆக, உதவி என்று கேட்டதும் மானியமா, கடனா, கடன் என்றால் எந்த நிபந்தனை, எந்தத் தலைமுறை கட்டும் என்று கேளுங்கள். உலக வங்கி 2025 பிப்ரவரியில் போட்ட மதிப்பீட்டில் உக்ரைனை மீண்டும் கட்ட பத்து ஆண்டில் 52,400 கோடி டாலர் வேண்டும், அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2025 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவோடு போட்ட கனிம ஒப்பந்தத்தையும் (புதிய சுரங்க வருமானத்தில் ஒரு பகுதி இரு நாட்டுக் கூட்டு நிதிக்குப் போகும்) இந்தக் கணக்கில் சேர்த்து வாசியுங்கள்.

உதவுபவர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள்

போலந்து தன் மிக்-29 விமானங்களையே கொடுத்த நாடு, லட்சக்கணக்கான அகதிகளை வீட்டுக்குள் சேர்த்த நாடு. அதே போலந்து 2023 ஏப்ரலில் உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது, விவசாயிகள் டிராக்டரோடு எல்லையில் உட்கார்ந்தார்கள். இதைத் துரோகம் என்று சொல்லி முடித்துவிட முடியாது, விலை விழுந்தால் அந்த விவசாயிக்கு வேறு வழி இல்லை. ஸ்லோவாக்கியாவில் ராபர்ட் ஃபிட்சோ ஆயுத உதவியை நிறுத்துவேன் என்று சொல்லியே 2023இல் தேர்தலில் ஜெயித்தார். ஆதரவு தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதை எந்தக் கணிப்பிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டையும் விட்டுவிட வேண்டாம். 2022இல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கும், அதற்கு முன் நாம் இறக்குமதி செய்ததில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. மலிவாகக் கிடைத்த ரஷ்யக் கச்சா எண்ணெயை இந்தியா வாங்கியது, அதற்குத் தண்டனை என்று அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டு 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதமாக்கியது, அடி திருப்பூர் பின்னலாடைக்கு விழுந்தது. கிழக்கு உக்ரைனின் டோன்பாஸ் சண்டை திருப்பூர் ஷிப்டைக் குறைக்கும் என்று 2022இல் யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு ஒன்று

இப்போது இந்த முறையை ஒரு செய்தியில் வைத்துப் பாருங்கள். 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 2026, 2027 இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ வட்டியில்லாக் கடன் தர முடிவெடுத்தது. முதலில் யோசித்தது, பெல்ஜியத்தில் யூரோகிளியர் நிறுவனத்தில் முடங்கிக் கிடக்கும் ரஷ்ய மத்திய வங்கிப் பணத்தை வைத்துக் கடன் கொடுப்பது. நாளை ரஷ்யா வழக்குப் போட்டால் பொறுப்பு தங்கள் ஒரு நாட்டின் தலையில் விழும் என்று பெல்ஜியப் பிரதமர் பார்ட் டி வேவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒன்றியமே சந்தையில் கடன் வாங்கிக் கொடுக்கிறது. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு மூன்றும் பொறுப்பேற்க மறுத்துவிட்டன. ரஷ்யா இழப்பீடு கொடுத்தால்தான் உக்ரைன் இதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கொடுக்காவிட்டால் சுமை மிச்சம் 24 நாடுகளுக்கு. இடப்பக்கம் 2025 டிசம்பர் என்று எழுதிக்கொள்ளுங்கள், வலப்பக்கம் பணம் எந்த மாதம் கீவ் போய்ச் சேர்ந்தது என்பதை நீங்களே தேடி நிரப்புங்கள், அதன் கீழே அந்த இடைவெளியில் எந்த ஊர் கை மாறியது என்பதையும்.